படிக்கிறவன் ஓடமாட்டானா? விளையாட்டு அறிவியலும் நெடுந்தூர ஓட்டமும்

மார்ச் 2, மாலை 6.15 (கேள்வி)

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பையன். எஸ்.டி.பி.எம். (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதும் தேர்வு) எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறேன். பத்து கிலோமீட்டரை 44 நிமிடத்தில் ஓடுவேன். விளையாட்டு அறிவியல் படிக்க ஆசை. எங்கள் பயிற்சியாளர், "படிக்கிறவன் ஓடமாட்டான், ஓடுறவன் படிக்கமாட்டான், ரெண்டையும் சேர்த்தா ரெண்டும் கெட்டுப்போகும்" என்கிறார். உண்மையா? அந்தப் படிப்பு என் ஓட்டத்துக்கு உதவுமா?

மார்ச் 2, இரவு 9.50

தம்பி, உன் பயிற்சியாளர் உன் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அந்தப் பேச்சை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

1954 மே 6-ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் ரோஜர் பேனிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினார். நான்கு நிமிடத்துக்குள் அதுவரை யாரும் ஓடியதில்லை. அப்போது அவர் மருத்துவ மாணவர். ஓடும்போது மூச்சு எப்படி வேலை செய்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. டிரெட்மில்லில் ஆக்சிஜன் கூட்டிய காற்றைச் சுவாசித்தபடி, இனி முடியாது என்கிறவரை ஓடி அளந்து பார்த்தவர். பின்னாளில் நரம்பியல் மருத்துவர் ஆனார். எது கெட்டுப்போனது?

நானும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவரின் மகள்தான். விளையாட்டு அறிவியல் படித்தேன், இப்போது இதே ஊரில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன், அரை மராத்தானும் முழு மராத்தானும் ஓடுகிறேன். என் அனுபவத்தில் அந்தப் படிப்பு என் காலை வேகமாக்கவில்லை. எப்போது வேகத்தைக் குறைக்க வேண்டும், எந்த எண்ணை நம்பலாம், எந்த எண்ணை நம்பக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தது. நம் ஊர் வெயிலில் அது பெரிய விஷயம்.

மார்ச் 3, காலை 6.40

நேற்று விட்டுப்போனது. அறிவியல் என்றதும் வெள்ளைக் கோட்டு, முகமூடி, கணினி என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உடற்பயிற்சி அறிவியலின் மிக முக்கியமான ஆய்வுகளில் ஒன்று பேருந்துத் தொழிலாளர்களிடம் நடந்தது. லண்டனின் இரட்டைமாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், நடத்துநர் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் இரு சாராரையும் ஒப்பிட்டு, நடத்துநர்களுக்கு இருதய நோய் குறைவு என்று 1953-இல் எழுதினார். அவரே பிறகு தவறாமல் உடற்பயிற்சி செய்து, 99 வயது வரை வாழ்ந்தார்.

உழைக்கிற உடம்பைப் பார்த்து வளர்ந்த துறை இது. தோட்டத்துப் பிள்ளைகள் அதற்குள் போகத் தயங்க ஒரு காரணமும் இல்லை.

மார்ச் 3, இரவு 10.05

"அப்படியானால் உங்கள் அப்பாவும் விளையாட்டு வீரர்தானே?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். யோசிக்க வைத்த கேள்வி.

அப்பா இருட்டில் எழுந்து பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடம்) போவார். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடிவதற்குள் நிரையில் இறங்கிவிட வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்து, சீவி, நிமிர்ந்து, அடுத்த மரத்துக்கு வேக நடை. அப்புறம் பால் எடுக்க அதே நிரையில் இன்னொரு சுற்று, வாளி கனத்துக்கொண்டே போகும். நாடித்துடிப்பை அளந்திருந்தால் நல்ல மிதமான பயிற்சி என்றுதான் காட்டியிருக்கும்.

ஆனால் பயிற்சி என்பது பாரமும் ஓய்வும் சேர்ந்தது. பாரம் உடம்பைக் கொஞ்சம் கலைக்கிறது. ஓய்விலும் சாப்பாட்டிலும் தூக்கத்திலும்தான் உடம்பு முன்பைவிடப் பலமாகத் திரும்பக் கட்டப்படுகிறது. அப்பாவுக்குப் பாரம் கிடைத்தது. ஓய்வை அவர் தேர்ந்தெடுக்க முடியவில்லை. மறுநாளும் அதே எண்ணிக்கை மரம். முழங்காலும் இடுப்பும் ஐம்பது வயதில் போய்விட்டன. இதை முதன்முதலில் விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்து புரிந்துகொண்ட அன்று எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும் போலிருந்தது.

ஆகவே தம்பி, ஓய்வு நாளை வீணான நாளாக நினைக்காதே.

மார்ச் 5, மாலை 7.20

கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு வட்டங்களை (நாடித்துடிப்பை மெது, மிதம், கடினம் என்று பிரிக்கும் நிறப் பிரிவுகள்) பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

"220-இல் வயதைக் கழி, அதுதான் உன் உச்சத் துடிப்பு" என்பது எல்லா உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரிலும் தொங்குகிறது. ஃபாக்ஸ், ஹாஸ்கெல் என்ற இருவர் பல பழைய ஆய்வுகளின் புள்ளிகளை ஒன்றாக வைத்துத் தோராயமாக இழுத்த கோடு அது, 1971-இல் வந்தது. 2001-இல் தனகாவும் குழுவினரும் இன்னும் பெரிய தொகுப்பை வைத்து, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இல் கழிக்கச் சொன்னார்கள். 19 வயதுக்கு முதல் கணக்கில் 201, இரண்டாவதில் ஏறக்குறைய 195. நாற்பது வயதில் இரண்டும் 180-இல் சேர்கின்றன.

எந்தக் கணக்கை எடுத்தாலும் அது கூட்டத்தின் சராசரி. தனி ஆளுக்குப் பத்துத் துடிப்பு கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். உன் கடிகாரம் அந்தச் சராசரியை வைத்து வட்டம் போட்டு, "நீ சிவப்பில் இருக்கிறாய்" என்று கத்தும்.

அதோடு நம் வெப்பம். ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால், வேகம் கூடாமலே துடிப்பு மெல்ல மெல்ல ஏறும். வேர்வையில் நீர் போகிறது, தோலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திரும்புகிறது, இருதயத்துக்கு ஒரு தடவையில் வந்துசேரும் ரத்தம் குறைகிறது, அதை ஈடுகட்ட அது அடிக்கடி அடிக்கிறது. குளிர் நாட்டு அட்டவணையை அப்படியே கையில் கட்டிக்கொண்டு செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டுக்குள் ஓடினால் கணக்கு இடிக்கும்.

மெதுவான ஓட்டம் மெதுவானதுதானா என்று தெரிய ஏழாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடு. ஒவ்வொரு வரியையும் உடைக்காமல் சொல்ல முடிந்தால் சரியான வேகம். "ஏழு நாலு..." என்று பாதியில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். பேச்சை வைத்து அளப்பது ஆய்வுக்கூடங்களிலும் சோதித்த முறைதான்.

வாரத்தின் பெரும்பகுதி இந்த வேகத்தில் போக வேண்டும். நார்வேயில் பணிபுரியும் ஸ்டீஃபன் சைலர், உச்ச நிலை வீரர்கள் தங்கள் பயிற்சியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை மெதுவாகத்தான் செய்கிறார்கள் என்று காட்டினார். நம் பையன்கள் திடலில் தினமும் ஒருவரை ஒருவர் துரத்துகிறார்கள். தினமும் பந்தயம், ஆறு மாதத்தில் காலில் வலி, அப்புறம் ஃபுட்சாலுக்குப் போய்விடுகிறார்கள்.

மார்ச் 9, காலை 9.30

இன்று விடிகாலை ஓட்டம் முடிந்து வந்து, பசியாறிவிட்டு எழுதுகிறேன். இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் நம் ஊரில் ஓடுகிற ஒவ்வொருவரும் இதில் குழம்புகிறார்கள்.

"காலையில ஈரப்பதம் நூறு விழுக்காடு காட்டுது அக்கா, மாலையில அறுபதுதான், மாலைதான் நல்லதா?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. செம்பனை நிரைகளுக்கு நடுவே விடிகாலைப் பனிமூட்டம் தொங்கும்போது காற்றே ஈரத்துணி போலத்தான் முகத்தில் ஒட்டுகிறது.

ஈரப்பத விழுக்காடு என்பது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்பது. குளிர்ந்த காற்று தாங்குவது குறைவு, சூடான காற்று தாங்குவது அதிகம். 24 டிகிரியில் நூறு விழுக்காடு என்றால் நீராவியின் அழுத்தம் ஏறத்தாழ 3 கிலோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). 33 டிகிரியில் அறுபது விழுக்காடு என்றாலும் ஏறத்தாழ அதே 3 கிலோபாஸ்கல்தான். ஓடுகிறவன் தோல் 35 டிகிரி சுமாரில் நனைந்திருக்கும், அங்கே அழுத்தம் ஐந்தரைக்கு மேல். வேர்வை காய்வது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. ஆகவே காலையிலும் மாலையிலும் வேர்வை காயும் வாய்ப்பு ஏறக்குறைய சமம். காலையில் வெயில் இல்லை, தரையின் சூடு இல்லை, காற்று தோலைவிடப் பத்து டிகிரிக்கு மேல் குளிர்ந்தது. காலையே நல்லது. கடிகாரத்தில் தெரியும் நூறைப் பார்த்து மிரள வேண்டாம்.

அடுத்தது காற்றோட்டம். தார்ச்சாலையில் ஓடும்போது நம் வேகமே ஒரு காற்றைத் தருகிறது, வெளிகாற்றும் சேரும். வளர்ந்த செம்பனைக்குள் செம்மண் பாதையில் நுழைந்தால் நிழல் உண்டு, காற்று அசையாது. அங்கே வேர்வை காயாமல் மூக்கு நுனியிலிருந்தும் முழங்கையிலிருந்தும் சொட்டும். சொட்டிய வேர்வை ஒரு பைசாவுக்கும் பிரயோசனம் இல்லை. காய்ந்தால்தான் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், ஒரு லிட்டர் முழுதும் காய்ந்தால் 580 கிலோகலோரி அளவுக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் பத்து கிலோமீட்டர் ஓடச் செலவாவது சுமார் 600 கிலோகலோரி, அதில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளிப்படும். கணக்கின்படி ஒரு லிட்டர் வேர்வைகூடத் தேவையில்லை. நாம் ஒன்றரை லிட்டர் விடுகிறோம் என்றால் பாதிக்குப் பாதி மண்ணுக்குப் போகிறது.

மெதுவான ஓட்டத்துக்கு நிழல் பாதை, வேக ஓட்டத்துக்குக் காற்று வரும் திறந்த சாலை என்று நான் பிரித்துக்கொண்டது இதனால்தான்.

மார்ச் 9, மாலை 5.10

காலைக் குறிப்பில் ஒன்று சேர்க்க வேண்டும். உடம்பு வெப்பத்துக்குப் பழகும். பத்து முதல் பதினான்கு நாள் தொடர்ந்து வெப்பத்தில் பயிற்சி செய்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், துடிப்பு குறையும், வேர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பு குறையும். விட்டுவிட்டால் சில வாரங்களில் போய்விடும். கோலாலம்பூரில் ஏர்கோன் அறையில் தங்கி ஏர்கோன் அலுவலகத்தில் வேலை செய்கிற பிள்ளை தைப்பூச விடுமுறைக்கு வந்து அன்றைக்கே நம்மோடு இருபது கிலோமீட்டர் ஓடக்கூடாது. "நான் இங்க பொறந்தவன்தானே" என்பது உடம்புக்குத் தெரியாது.

1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் வேகநடையில் தங்கம் வாங்கினார். இதே காற்றில் நாலு மணி நேரத்துக்கு மேல் நடந்து. இன்றைய பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரிவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மார்ச் 10, இரவு 8.45

"அப்போ நிறைய தண்ணி குடிக்கணும்" என்று எழுதியவருக்கு: வேண்டாம். 2002 பாஸ்டன் மராத்தான் முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 விழுக்காட்டினருக்கு சோடியம் (ரத்தத்திலுள்ள உப்புச்சத்து) குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களே அதிகம் மாட்டினார்கள். அதாவது இழந்ததைவிட அதிகமாகக் குடித்தவர்கள். சோடியம் மிகவும் இறங்கினால் மூளை வீங்கும், உயிர் போகும்.

எளிய வழி தராசு. ஓடுவதற்கு முன் உடுப்பில்லாமல் நிறு. ஒரு மணி நேரம் ஓடு. வந்து துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி நிறு. குறைந்த கிலோவோடு வழியில் குடித்த லிட்டரைக் கூட்டினால் அதுதான் உன் ஒரு மணி நேர வேர்வை. எனக்கு விடிகாலையில் ஒரு லிட்டருக்குச் சற்று மேல், மாலையில் ஒன்றரை வரை போகும். என்னோடு ஓடும் இன்னொரு அக்காவுக்கு அதில் பாதிதான். இருவரும் ஒரே அளவு குடித்தால் ஒருவருக்குக் குறையும், ஒருவருக்குக் கூடும். தாகம் எடுத்தால் குடி, எடை கூடும் அளவுக்குக் குடிக்காதே.

மார்ச் 15, இரவு 11.20

இன்று நடந்ததை எழுதாமல் தூங்க முடியவில்லை.

கோயில் இளைஞர்கள் ஏற்பாடு செய்த ஓட்டம், தொடக்கம் தாமதமாகி வெயில் ஏறிவிட்டது. முடிவுக்கோட்டைத் தாண்டி வந்த ஒரு பையன் நேராகப் போய்க் கோல் கம்பத்தில் இடித்துக்கொண்டான். பேர் கேட்டால் மோட்டார் சைக்கிள் எங்கே என்று கோபப்படுகிறான். கையைத் தொட்டால் அடுப்பு. வேர்த்துக்கொண்டுதான் இருந்தான். வேர்வை நின்றால்தான் வெப்பத்தாக்கு என்று பலர் நம்புகிறார்கள், ஓடுகிறவர்களுக்கு அப்படி இல்லை. உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு தடுமாறினால் அதுதான்.

சிலர் காரில் ஏற்றி மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்றார்கள். நான் விடவில்லை. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் கொண்டுபோக வேண்டும். ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லிவிட்டு, கூடாரத்துக்கு வைத்திருந்த தார்ப்பாயை விரித்து அவனைப் படுக்க வைத்தோம். நாலு பக்கமும் ஆட்கள் பிடித்துத் தூக்க அது தொட்டிபோல் குழிந்தது. குழாய்த் தண்ணீர், மீன்காரர் கொடுத்த ஐஸ், பானத்துக்கு வைத்திருந்த ஐஸ், எல்லாவற்றையும் கொட்டி, ஒருவர் தலையைத் தாங்கிப் பிடிக்க, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தோம். கால் மணி நேரம் ஆகியிருக்கும். பல்லுக்குப் பல் அடிக்க நடுங்கினான். "அம்மாவுக்குப் போன் போடாதீங்க" என்றான். தெளிந்துவிட்டான் என்று அப்போதுதான் மூச்சு வந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டோம். இப்போது நன்றாக இருக்கிறான்.

மார்ச் 16, மதியம் 1.15

"சூடான உடம்பில் ஐஸ் தண்ணி ஊற்றினால் நரம்பு இழுத்துக்கொள்ளும், நீங்கள் செய்தது ஆபத்து" என்று இரண்டு பேர். பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆனால் அமெரிக்காவின் ஃபால்மவுத் ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் வந்த 274 வெப்பத்தாக்கு நோயாளிகளையும் இப்படி ஐஸ் தண்ணீரில்தான் முக்கினார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. முதல் அரைமணி நேரத்துக்குள் வெப்பத்தை இறக்குவதுதான் உயிரைக் காக்கிறது. தார்ப்பாயும் ஐஸும் எந்தத் தோட்டத்திலும் கிடைக்கும். ஓட்டம் நடத்துகிறவர்கள் பதக்கம் அச்சடிக்கும் முன் இந்த இரண்டையும் வாங்கி வையுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: படிப்பு எதற்கு உதவும் என்றாயே. நேற்று உதவியது.

மார்ச் 24, மாலை 6.00

ஒரு தங்கை தனியாக எழுதிக் கேட்டார், பொதுவில் பதில் சொல்லச் சம்மதமும் தந்தார். சில வாரங்கள் நன்றாக ஓடுகிறார், சில நாட்கள் கால் ஈயமாகிறது, மூச்சு வாங்குகிறது.

ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மராத்தான் வைத்ததே 1984-இல்தான். ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் வென்றார். அதற்கு முந்தைய ஒலிம்பிக் வரை பெண்களின் நீண்ட ஓட்டம் 1,500 மீட்டர்தான். ஆய்வுகளும் பெரும்பாலும் இளம் ஆண்களை வைத்தே நடந்தன. அந்த எண்களைப் பெண்கள் தங்கள்மேல் அப்படியே போட்டுக்கொள்ள முடியாது. கருமுட்டை வெளிப்பட்ட பிறகு மாதவிலக்கு வரை உடல் வெப்பம் 0.3 முதல் 0.5 டிகிரி கூடுதலாகவே இருக்கும். வெயில் நாட்டில் அது உறைக்கும். பயிற்சிக் குறிப்பேட்டில் மாதவிலக்கு நாளையும் எழுதிவையுங்கள்.

இரண்டாவது, இரும்புச்சத்து. நீண்ட தூரம் ஓடுகிற பெண்களுக்கு அது குறைவது சகஜம். கிளினிக்கில் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று அனுப்பினால், ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் இறங்குவதற்கு முன்பே கையிருப்பு கரைந்திருக்கும், அதை ஃபெரிட்டின்தான் காட்டும். பரிசோதிக்காமல் நீங்களே மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

மார்ச் 25, காலை 7.05

இதோடு தொடர்புடையது: சோறு சாப்பிட்டதும் ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்). நம் எல்லார் வீட்டிலும் உள்ள பழக்கம். கீரை, பருப்பு இவற்றிலுள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் தேநீர் தடுக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். முருங்கைக்கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பு நன்றாக ஏறும். என் அம்மா இதை ஒத்துக்கொள்ளவே இல்லை, ஆனால் எனக்கு மட்டும் தேநீரைத் தாமதமாகக் கலக்கிறார்.

ஏப்ரல் 6, இரவு 9.15

தம்பி மறுபடி வந்திருக்கிறான். பயிற்சியாளரிடம் இந்த இழையைக் காட்டினானாம். அவர் ஒன்று கேட்டிருக்கிறார்: "அவ்வளவு கணக்கு தெரிஞ்சா யார் ஜெயிப்பான்னு முன்கூட்டியே சொல்ல முடியுமா?"

நல்ல கேள்வி. 1991-இல் மைக்கேல் ஜாய்னர் என்ற மருத்துவர், அவரும் மராத்தான் ஓடியவர்தான், மூன்றை வைத்துக் கணக்குப் போட்டார். உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும், அதில் எத்தனை விழுக்காட்டை, ரத்தத்தில் லாக்டேட் (தசை கடினமாக உழைக்கும்போது உண்டாகும் பொருள்) சேராமல் தாக்குப்பிடிக்கும், ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆக்சிஜன் செலவாகும். மூன்றிலும் மிகச் சிறந்த அளவுகள் ஒரே மனிதனிடம் அமைந்தால் மராத்தான் 1 மணி 57 நிமிடம் 58 விநாடி என்றார். அப்போது உலக சாதனை 2 மணி 6 நிமிடம் சொச்சம். 2023-இல் கெல்வின் கிப்டும் சிகாகோவில் 2 மணி 35 விநாடியில் ஓடினார். உடம்பின் எல்லை எங்கே என்று அந்தக் கணக்கு சரியான திசையில்தான் காட்டியது. யார், எந்த நாளில் என்று அது சொல்லவில்லை, சொல்ல வரவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை யார் ஜெயிப்பான் என்பதில் உன் பயிற்சியாளரின் கண் என் கணக்கைவிடச் சரியாகவே இருக்கும். பல ஆண்டுகளாக ஒரே திடலில் பிள்ளைகளைப் பார்த்த கண். அதை விட்டுவிடாதே. படித்து வந்து, அவர் கண்ணால் பார்த்ததை நீ அளந்து பார்.

படிக்கும் இடம் என்றால் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம், கிளந்தானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் குபாங் கிரியான் வளாகம், மூன்றிலும் இந்தத் துறை உண்டு. உடலியலும் புள்ளியியலும்தான் கடினமாக இருக்கும். புள்ளியியலைத் தப்பித்து ஓடும் பாடமாக நினைக்காதே. சராசரிக்கும் தனி ஆளுக்கும் உள்ள தூரத்தை அதுதான் கற்றுத்தரும்.

முடிவு வரும்வரை சும்மா இருக்காதே. ஒரு நோட்டு வாங்கு. எழுந்ததும் துடிப்பு, தூங்கிய நேரம், ஓடிய பாதை, முன்னும் பின்னும் எடை, ஓட்டம் எவ்வளவு கடினமாகத் தோன்றியது என்று 6 (சும்மா இருப்பது) முதல் 20 (இனி முடியாது) வரை போகும் போர்க் (Borg) அளவில் ஒரு எண். ஒரு மாதம் எழுதிவிட்டு இங்கே போடு, பயிற்சியாளரையும் பார்க்கச் சொல். நாங்கள் இருவரும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கிருந்து பேசுவோம்.